பாக்கெட்டில் ஒரு குறடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் தோட்ட வேலைக்கான சில்லறைக் கருவிகளைப் பற்றி எழுதும்போது, மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் மல்டி டூலைப் பற்றி இரண்டு வரி சொல்லியிருந்தேன். குறடு, கத்தி, ரம்பம், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் ஒரே கைப்பிடிக்குள் மடங்கி இருக்கிற கருவி அது. அந்த இரண்டு வரிக்குத்தான் இந்த முறை கடிதங்கள் அதிகம் வந்திருக்கின்றன. சில கேள்விகள் ஒரே மாதிரி இருந்ததால் சேர்த்துவிட்டேன். வேட்டைக்கு ஆகுமா என்று கேட்டவர்கள் மட்டும் நாலு பேர், அதனால் அந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

கேள்வி: ஏனுங்க, எம்பட மச்சான் துபாயில இருந்து வர்றப்ப மல்டி டூல் ஒண்ணு வாங்கியாரட்டுமான்னு கேக்கறான். கொடுவாள் இருக்குது, மோட்டார் ரூமுல ஸ்பேனர் செட்டு இருக்குது. இதுக்கு மேல அது எதுக்குங்க?
*— விவசாயி, வெள்ளகோவில்*

வாங்கி வரச் சொல்லுங்கள். ஆனால் கொடுவாளுக்குப் பதிலாக என்று நினைத்து வாங்காதீர்கள். முள் வெட்டவும் மட்டை சீவவும் கொடுவாளுக்கு ஈடு எதுவும் கிடையாது, ஒரு விரல் நீளக் கத்தியை வைத்துக்கொண்டு அந்த வேலைக்குப் போனால் கத்தியும் கெடும், கையும் கெடும்.

நீங்களே உங்கள் தோட்டத்தில் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் தண்ணீர் திருப்பிவிட்டு வரிசை வரிசையாக நடந்து வருகிறீர்கள். ஓரிடத்தில் அணில் சொட்டுநீர்ப் பைப்பைக் கடித்து வைத்திருக்கிறது, தண்ணீர் பீச்சிக்கொண்டு அடிக்கிறது. ஜாயின்ட் உங்கள் பையில் இருக்கிறது, பைப்பை நேராக அறுக்கத்தான் ஒன்றுமில்லை. மோட்டார் ரூம் மூன்று காடு தள்ளி. அங்கே போய்க் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து ஒட்டுப் போட்டால், அடுத்த வரிசையில் கிளிப் லூசாகி ஒழுகும், அதற்கு ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், மறுபடியும் நடை. திரும்பி வரும்போது கடவில் படலைக் கட்டியிருக்கும் கம்பி துருப்பிடித்து விட்டுப்போயிருக்கும், அதை முறுக்கக் குறடு வேண்டும். மூன்றுமே இரண்டு இரண்டு நிமிட வேலைதான். நடந்தே ஒரு மணி நேரம் போய்விடும். இல்லாவிட்டால், இதுதான் பெரும்பாலும் நடப்பது, ‘சாயங்காலம் பாத்துக்கலாம்’ என்று விட்டுவிடுவோம், ஒரு வாரம் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

அந்த நடையை மிச்சப்படுத்தத்தான் இந்தக் கருவி. சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருக்கும் நல்ல குறட்டைவிட, பாக்கெட்டில் இருக்கும் சுமாரான குறடு அந்த நேரத்துக்குப் பெரிது.

ஒன்று மட்டும். நட்டு கழற்ற இதன் குறட்டைப் போடாதீர்கள். மூக்கு மெலிசு, பிடி நழுவும், நட்டின் முனைகள் மழுங்கி மொட்டையாகிவிடும், அப்புறம் ஸ்பேனரும் பிடிக்காது. அதற்கு ஸ்பேனர் செட்டுக்கே போங்கள்.

கேள்வி: மழை பெய்தால் எங்கள் பக்கம் முயல், கவுதாரி நன்றாக நடமாடும். நண்பர்களோடு இரவில் போகலாம் என்று இருக்கிறோம். வேட்டைக்கும் ஆகி, மற்ற நாளில் வீட்டு வேலைக்கும் ஆகிற மாதிரி எந்த மல்டி டூல் வாங்கலாம்? ‘ஹன்ட்ஸ்மேன்’ என்று ஒன்று இருக்கிறதாமே?
*— கல்லூரி மாணவர், அந்தியூர் (இதே கேள்வியைத் தாராபுரம், அவிநாசி, மேட்டுப்பாளையத்திலிருந்தும் கேட்டிருக்கிறார்கள்)*

தம்பி, முதலில் வேட்டையைப் பேசிவிட்டு அப்புறம் கருவிக்கு வருகிறேன்.

போகாதீர்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ‘நாங்க காட்டுக்குள்ள போகலையே, எங்க பட்டா நெலத்துலதானே’ என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது செல்லாது. முயல் உங்கள் கடலைக்காட்டில் நின்றாலும் அது சட்டத்துக்குள் நிற்கிற முயல்தான். 2022-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது விலங்குகளின் அட்டவணைகளைச் சுருக்கி முதல் அட்டவணை, இரண்டாம் அட்டவணை என்று ஆக்கினார்கள். முயலும் கவுதாரியும் அவற்றுக்குள் வருகின்றன. மயில் முதல் அட்டவணை. மயிலைத் தொட்டால் மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். மற்றவற்றுக்கு மூன்று வருடம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொல்லுவது மட்டும் அர்த்தமில்லை. பிடிப்பது, சுருக்கு வைப்பது, பொறி வைப்பது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். கூட்டை, முட்டையைக் கலைத்தாலும் அதில் வரும். அதோடு, குற்றத்துக்குப் பயன்பட்டது என்று பறிமுதல் செய்த வண்டியும் கருவியும் மாநில அரசின் சொத்தாகிவிடும். அப்பா வாங்கிக்கொடுத்த பைக்கில் போனால் பைக்கும் சேர்த்துத்தான் போகும்.

காட்டுப்பன்றியைப் பற்றியும் ஒருவர் கேட்டிருக்கிறார். மக்காச்சோளத்தை ஒரே ராத்திரியில் உழப்பிவிட்டுப் போகிற வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். பயிரை அழிக்கிற இரண்டாம் அட்டவணை விலங்குக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அது முதன்மை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்தில் ஆணை கொடுத்தால் மட்டும்தான். நாமாக அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) வைப்பதும், வேலியில் கரண்ட் விடுவதும் கொலைக்குச் சமம். அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறி, தின்ன முடியாமல் நாள்கணக்கில் நின்று செத்த யானைகளைப் பற்றி நம் கோவைப் பக்கத்திலேயே எத்தனை செய்தி படித்திருக்கிறோம்.

சரி, ஒரு சம்பவம் சொல்கிறேன், மல்டி டூலைப் பற்றியதுதான்.

எங்கள் சொந்தக்காரர் ஒருவருக்குக் காங்கேயம் பக்கம் கொறங்காடு இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல், அதில் செம்மறி மேயும். பட்டிக்குக் காவல் ஒரு நாட்டு நாய். ஒரு நாள் ராத்திரி அது திரும்பவில்லை. விடிகாலையில் வேலியோரம் முனகல் கேட்டுப் போய்ப் பார்த்தால், கிளுவையின் இடைவெளியில் யாரோ முயலுக்கு வைத்த சுருக்கு. பைக்கின் கிளட்ச் வயரை வளையமாக்கி, மறுமுனையை வேலியின் அடிக்கட்டையில் கட்டியிருந்தார்கள். வளையம் நாயின் இடுப்பில். அது ராத்திரி முழுக்க இழுத்து இழுத்து வயர் தோலுக்குள் இறங்கியிருந்தது, வெளியே வயரே தெரியவில்லை, இரண்டு பக்கமும் சதை வீங்கி மூடியிருந்தது.

கட்டிய இடத்தில் அறுத்துவிடலாம், ஆனால் இடுப்பில் இறுகியது இறுகியபடியேதான் இருக்கும். தலையில் ஒரு சாக்கைப் போட்டுச் சொந்தக்காரர் பிடித்துக்கொண்டார். நான் மல்டி டூலின் குறட்டு மூக்கை மெதுவாக வயருக்கு அடியில் நுழைத்து, மேலே தூக்கி, வெளியே தெரிந்த அரை அங்குலத்தைக் கம்பி வெட்டும் பல்லுக்குள் கொண்டுவந்தேன். கிளட்ச் வயர் சாதாரணக் கட்டுக்கம்பி மாதிரி ஒரே கடியில் போகாது, மெல்லிய எஃகு இழைகள் முறுக்கியது. திருகுப் பக்கமாக உள்ளே தள்ளி, நாலைந்து இழை, நாலைந்து இழையாகக் கடித்தேன். பத்து நிமிஷம் ஆனது. கடைசி இழை விட்டதும் வளையம் தானாக விரிந்தது. அந்த நாய் எழுந்திருக்கவே இல்லை, அப்படியே தலையை மண்ணில் வைத்துப் படுத்து மூச்சு வாங்கிற்று. டாக்டர் தையல் போட்டார். இன்றைக்கும் இடுப்பைச் சுற்றி முடி முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. என் குறட்டின் வெட்டும் பல்லில் அன்றைக்கு விழுந்த இரண்டு பள்ளமும் அப்படியே இருக்கின்றன.

ராத்திரி நண்பர்களோடு போகலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நேரத்தை வேறு விதமாகச் செலவழியுங்கள் தம்பி. உங்கள் பக்கம் மலையடிவாரம். பக்கத்திலேயே 2013-இல் அறிவித்த சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். பகலில் வேலியோரம் நடந்தால் சுருக்குக் கம்பி கண்ணில் படும். பட்டால் போட்டோ எடுத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். உயிரோடு ஒன்று மாட்டியிருந்து, அது ஆடோ நாயோ என்றால், அறுத்துவிடும் கருவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும். காட்டு விலங்கு என்றால் கிட்டேயே போகாதீர்கள், வனத்துறை வரும்வரை ஆளை நெருங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஹன்ட்ஸ்மேன் என்பது விக்டோரினாக்ஸ் என்ற ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி செய்யும் ஒரு சிவப்புக் கைப்பிடிக் கத்தியின் பெயர், அவ்வளவுதான். பெரிய கத்தி, சின்னக் கத்தி, கத்தரி, மர ரம்பம், கொக்கி எல்லாம் இருக்கும், 91 மில்லிமீட்டர் நீளம். குறடு கிடையாது. கத்தியைத் திறந்தால் பூட்டிக்கொள்ளாது, அழுத்திக் குத்தினால் விரல் மேல் மடங்கிவிடும். பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம்.

கேள்வி: என் தம்பி டெக்சாஸில் இருக்கிறான். அங்கே லைசென்ஸ் எடுத்து வருடா வருடம் மான் வேட்டைக்குப் போகிறான். பிறந்தநாளுக்கு நல்ல மல்டி டூல் ஒன்று கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு ஆகுமா?
*— வாசகி, பொள்ளாச்சி*

அம்மிணி, அங்கே அது சட்டப்படி நடக்கிற காரியம். பருவம், எண்ணிக்கை எல்லாம் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். 1971 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடிக்க வேண்டும் என்பது டெக்சாஸ் விதி, உங்கள் தம்பி அதையெல்லாம் முடித்துத்தான் போவார்.

வாங்கிக்கொடுங்கள், ஆனால் மானை அறுக்கிற கத்தியாக அல்ல. அங்கே சுட்ட இடத்திலேயே வயிற்றைத் திறந்து குடலை எடுத்துச் சுத்தம் செய்துவிடுவார்கள், கறி கெடாமல் இருக்க. அந்த வேலையை மல்டி டூலில் செய்தால் கொழுப்பும் ரத்தமும் முடியும் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் போய் அடைத்துக்கொள்ளும். ராத்திரி வீட்டுக்கு வந்து பல் விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாலும் முழுதாகப் போகாது, இரண்டு நாளில் நாற்றம் எடுக்கும். ரம்பத்தின் பல்லும் எலும்பில் அடைத்து நின்றுவிடும். நம் ஊரில் கிடா வெட்டி உரிக்கிறவரைப் பாருங்கள், மடக்குக் கத்தியா வைத்திருக்கிறார்? மடிப்பே இல்லாத ஒற்றைக் கத்தி, ஒரு துடைப்பில் சுத்தமாகிவிடும். மானுக்கும் அதேதான், மூன்று நான்கு அங்குல நிலைக்கத்தி. ஆரஞ்சு நிறக் கைப்பிடி என்றால் சருகுக்குள் விழுந்தாலும் தெரியும்.

மல்டி டூல் அங்கே மற்ற எல்லாவற்றுக்கும் வேண்டும். மரத்தில் பொருத்தும் மேடையின் திருகு லூசானால் முறுக்க, வார் அறுக்க, வழியில் நிற்கும் சின்னக் கிளையை ரம்பத்தால் எடுக்க, கையில் ஏறிய முள்ளைக் குறட்டு நுனியால் பிடுங்க. துப்பாக்கியின் தொலைநோக்கித் திருகு தளர்ந்தால் இறுக்க, மாற்றிப் போடும் ஸ்க்ரூ டிரைவர் நுனி (பிட்) உள்ளதாகப் பாருங்கள்.

இங்கே வாங்கி அனுப்பாதீர்கள். அந்த ஊரிலேயே ஆர்டர் போட்டு அவர் முகவரிக்குப் போகும்படி செய்துவிடுங்கள், விலையும் குறைவு, கஸ்டம்ஸ் தொல்லையும் இல்லை.

கேள்வி: ஸ்விஸ் நைஃபா, லெதர்மேனா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
*— பனியன் கம்பெனி மேற்பார்வையாளர், திருப்பூர்*

உங்களுக்கு ஸ்விஸ் நைஃப்.

ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டும் பிறந்த கதையிலேயே வித்தியாசம் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் என்பவர் 1884-இல் ஈபாக் என்ற ஊரில் கத்திப் பட்டறை போட்டார். 1891-இல் அந்நாட்டுப் படைவீரர்களுக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார், 1897-இல் அதைவிட மெலிசாக அதிகாரிகளுக்கான கத்தியைப் பதிவு செய்தார். அம்மா பெயர் விக்டோரியா. துருப்பிடிக்காத எஃகுக்கு அவர்கள் சொல்லும் சொல்லின் பாதி ‘இனாக்ஸ்’. இரண்டையும் சேர்த்ததுதான் விக்டோரினாக்ஸ். அங்கே அடிப்படை கத்தி, மற்றதெல்லாம் அதோடு சேர்ந்தது.

லெதர்மேன் அப்படி இல்லை. அமெரிக்காவின் டிம் லெதர்மேன் 1975-இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றப் போனார். வண்டி அடிக்கடி மக்கர், தங்கிய விடுதிகளில் குழாய் ஒழுகல். கையில் இருந்தது மடக்குக் கத்தி. ஒவ்வொரு தடவையும் ‘இதில் ஒரு குறடு இருந்திருந்தால்’ என்றே நினைத்திருக்கிறார். ஊருக்குப் போய் வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்தார், 1980-இல் காப்புரிமை, 1983-இல்தான் விற்பனை. அங்கே அடிப்படை குறடு, அதன் கைப்பிடிக்குள் கத்தி.

ஆகவே உங்களுக்கு அன்றாடம் என்ன தேவை என்று பாருங்கள். பனியன் கம்பெனியில் நூல் நறுக்க, பெட்டி பிரிக்க, லேபிள் எடுக்க. அதற்கு 58 மில்லிமீட்டரில், 21 கிராம் எடையில் இருக்கும் விக்டோரினாக்ஸ் கிளாசிக்கே போதும், சாவிக்கொத்தில் தொங்கும், அதன் கத்தரி அவ்வளவு நன்றாக நறுக்கும். தோட்டக்காரர் என்றால் குறடு உள்ளது. லெதர்மேன் வேவ் 241 கிராம், கால் கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு, வேட்டி மடியில் நிற்காது, இடுப்புப் பெல்ட்டில் உறை போட்டுத்தான் வைக்க வேண்டும். அதே கம்பெனியின் ஸ்கெலிடூல் 142 கிராம், கருவிகளும் குறைவு. என் அனுபவத்தில் கருவி குறைந்ததுதான் அதிக நாள் பாக்கெட்டில் இருக்கிறது. கனமானதை முதல் மாதம் ஆசையாகக் கட்டிக்கொண்டு திரிவோம், அப்புறம் அலமாரிக்குப் போய்விடும்.

மஞ்சள் மூட்டை, மக்காச்சோள மூட்டை கட்டுகிறவர்கள் விக்டோரினாக்ஸின் 91 மில்லிமீட்டர் கத்திகளில் முதுகுப் பக்கம் இருக்கும் தமரூசியைக் கவனியுங்கள். அதில் நூல் கோர்க்க ஓட்டை இருக்கும், அவசரத்துக்குக் கோணி ஊசியாக ஆகும்.

கேள்வி: மோட்டார் ஸ்டார்ட்டரில் பியூஸ் போனால் மல்டி டூலை வைத்தே கட்டிவிடலாமா? கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டால் போதுமா?
*— விசைத்தறிக்காரர், பல்லடம்*

கூடாது. டேப் சுற்றினாலும் கூடாது, ரப்பர் செருப்புப் போட்டாலும் கூடாது.

மல்டி டூல் என்பது நுனியிலிருந்து கைப்பிடி வரைக்கும் ஒரே இரும்பு. மூன்று ஃபேஸ் 415 வோல்ட். எங்கள் பெரியப்பா மகன் பெட்டியைத் திறந்து, மெயினை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு குறட்டை உள்ளே விட்டார். இரண்டு ஃபேஸுக்கு நடுவில் மூக்கு பட்டது. டப் என்று ஒரு சத்தம், வெல்டிங் வைத்த மாதிரி ஒரு வெளிச்சம். வலது கை மணிக்கட்டு வரை வெந்துபோய் இரண்டு மாதம் கட்டுப் போட்டிருந்தார், புருவம் கருகிவிட்டது, உயிர் பிழைத்தது பெரிது. அந்தக் குறட்டை நான் பார்த்தேன். மூக்கில் ஒரு பக்கம் மாங்காயைக் கடித்த மாதிரி உருகிக் காணாமல் போயிருந்தது. அவ்வளவு கெட்டி எஃகு, கண் இமைக்கிற நேரத்தில்.

கரண்ட் வேலைக்கு 1000 வோல்ட் என்று முத்திரை போட்ட, கைப்பிடி உறை உள்ள தனிக் குறடு வாங்கி ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே மாட்டிவையுங்கள். மெயினை அணைத்து, டெஸ்டரில் மூன்று ஃபேஸையும் பார்த்து, அப்புறம் கை வையுங்கள். தெரியாவிட்டால் எலக்ட்ரீஷியன் வரும்வரை தறி நிற்கட்டும்.

கேள்வி: ஆறு மாதத்திலேயே கத்தி திறக்க மாட்டேன் என்கிறது. தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மூலையில் புள்ளி புள்ளியாகத் துரு வேறு. துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லித்தானே விற்றார்கள்?
*— வாசகர், பெருந்துறை*

தேங்காய் எண்ணெய்தான் காரணம். விட்ட அன்றைக்கு நன்றாக இருக்கும், நாள்பட நாள்படக் காறிப்போய்ப் பிசின் மாதிரி ஒட்டும், தூசியை வேறு பிடித்துக்கொள்ளும். மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். தையல் மெஷின் எண்ணெய் வாங்குங்கள். நம் பக்கத்தில் அது கிடைக்காத தெரு கிடையாது.

முதலில் கழுவ வேண்டும். எல்லாக் கருவியையும் விரித்து வைத்து, சுடுதண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பை விட்டு அரை மணி நேரம் ஊறப்போடுங்கள். பழைய டூத் பிரஷ்ஷால் திருகுகளைச் சுற்றித் தேயுங்கள், கறுப்பாகக் குழம்பு மாதிரி வரும், தெளிவாகும்வரை தண்ணீரை மாற்றுங்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, விட்டுப் பத்துத் தடவை திறந்து மூடி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். பழம் நறுக்குவதற்கு முன்னால் கத்தியை மறுபடி ஒரு தடவை துடைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளித் துருவுக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். நீங்கள் பொட்டாஷ் மூட்டை பிரிக்கிறீர்களா? பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது, அது உப்பு மாதிரிதான், வியர்வையோடு சேர்ந்தால் துருப்பிடிக்காத எஃகிலும் ஊசி குத்தின மாதிரி ஓட்டை போடும். சொட்டுநீர்ப் பைப்பின் அடைப்பெடுக்க ஆசிட் விடுகிறவர்கள் அன்றைக்கு இதைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். உர மூட்டை பிரித்தால் உடனே தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள், அவ்வளவு போதும்.

இன்னொன்று, சாணை பிடிக்கத் தெருவில் வருகிறவரிடம் இந்தக் கத்தியைக் கொடுக்க வேண்டாம். அரிவாள்மனைக்கு அவர் கை தங்கக் கை. ஆனால் இந்த மெலிசான தகடு சுற்றும் சக்கரத்தில் பட்டதும் சூடேறி நீலம் பாயும், பதம் போய்விடும், அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. வீட்டில் ஒரு சாணைக்கல் வைத்து, தண்ணீர் தெளித்து, கத்தியின் முதுகைக் கொஞ்சமாகத் தூக்கி, அதே சாய்மானத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுங்கள்.

கேள்வி: போலீஸ் சோதனையில் பிடிப்பார்களா? பீளமேடு விமான நிலையத்தில் விடுவார்களா?
*— கோயம்புத்தூர்*

விமானத்துக்குள் கைப்பையில் கொண்டுபோக முடியாது, ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மறந்துபோய் சாவிக்கொத்தோடு போனால் அங்கேயே போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

ஆயுத விதிகள் கத்தியின் நீளம் 9 அங்குலத்துக்கு மேல் அல்லது அகலம் 2 அங்குலத்துக்கு மேல் என்றால்தான் அதை ஆயுத வகையில் வைக்கின்றன, அதிலும் வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்றே செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. மல்டி டூலின் கத்தி இரண்டு, மூன்று அங்குலம்தான். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் வாய்த்தகராறில் நின்றுகொண்டு அதை விரித்துக் காட்டினால் அளவு உங்களைக் காப்பாற்றாது. கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ் போகிறபோது வண்டியில் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வயதுப் பையன் கேட்டு அடம்பிடிக்கிறான். கொடுக்கலாமா?
*— தாய், கரூர்*

கொடுக்கலாம், முதல் ஆறு மாதம் நீங்களோ அவன் அப்பாவோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பூட்டிக்கொள்ளும் கத்தி உள்ளதாக வாங்குங்கள். முதலில் கத்தியைத் தொடவிடாதீர்கள். குறட்டில் கம்பி முறுக்க, சைக்கிள் செயின் மூடியின் திருகைக் கழற்றி மாட்ட, அப்படி ஆரம்பிக்கட்டும். கத்தி பிடிக்கும்போது தன் பக்கம் இழுத்து அறுக்காமல் வெளிப்பக்கம் தள்ளி அறுக்கக் கற்றுக்கொடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது, காலையில் பையை நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: சந்தையில் சில நூறு ரூபாய்க்கு இதே மாதிரி விற்கிறார்களே, அது வேலைக்கு ஆகாதா?
*— ஆட்டு வியாபாரி, குன்னத்தூர்*

ஆகும், சில வேலைக்கு. வாங்கும்போது நாலு விஷயம் பாருங்கள், கடைக்காரர் முன்னாலேயே பார்க்கலாம். குறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், நுனி இரண்டும் சேராமல் வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். கைப்பிடியைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், லொடலொடவென்று ஆடினால் வேண்டாம். கத்தியைத் திறந்து பூட்டு விழுந்ததும், கூர்ப்பக்கம் விரல் போகாமல், முதுகை மேஜையில் மெதுவாகத் தட்டுங்கள், பூட்டு விட்டுக்கொடுத்தால் அதைத் தொடவே தொடாதீர்கள், அது விரலைத்தான் வாங்கும். கடைசியாக ஒரு சாண் கட்டுக்கம்பி கேட்டு வாங்கி வெட்டிப் பாருங்கள், வெட்டிய பிறகு பல்லில் பள்ளம் விழுந்திருந்தால் எஃகில் பதம் இல்லை.

நீங்கள் ஆட்டு வியாபாரி என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். வண்டியில் ஏற்றிய ஆடு கயிற்றில் சுற்றிக் கழுத்து இறுகித் தொங்கினால், முடிச்சை அவிழ்க்க நேரம் இருக்காது, ஒரு கையால் ஆட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையாலேயே கத்தியைத் திறக்க வேண்டும். நகத்தால் நெம்பித் திறக்கிற கத்தி அந்த நேரத்துக்கு உதவாது. கட்டைவிரல் நுழைகிற ஓட்டை வைத்த கத்தியாகப் பார்த்து வாங்குங்கள், கயிறு அறுக்க ரம்பப் பல் விளிம்பு இருந்தால் இன்னும் நல்லது. வாங்கி வந்ததும் வீட்டில் உட்கார்ந்து, இடது கையிலும் வலது கையிலும் திறந்து மூடிப் பழகிக்கொள்ளுங்கள்.